உறுதிமொழியும் பிழைப்பும்

மனம் ஒப்பாத ஒரு சொல்லை வயிற்றுப்பாட்டிற்காக வாய் மொழியலாமா? பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கைவினைஞர் பலரை வாட்டிய வினா இது.

அந்நாட்டில் அரச பட்டயம் பெற்ற நகரங்களில் தொழில் நடத்த விரும்புவோர் 'பர்ஜெஸ்' என்னும் நகர உரிமையைப் பெறவேண்டியிருந்தது. தந்தை வழியாலும், உரிமையாளர் மகளை மணப்பதாலும், ஆசானிடம் தொழில் பயின்று முடிப்பதாலும் அது கிட்டும். இவை எதுவும் வாய்க்காதவர் பணம் செலுத்திப் பெறலாம். நெசவாளர், கம்மியர் முதலியோர் தத்தம் தொழிற்குழுவிலும் சேர்தல் வேண்டும். அங்கே தம் கையால் ஒரு பொருள் செய்து, திறனை மெய்ப்பித்துக் காட்டவேண்டும். (ஆசிரியப் பயிற்சியில் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டிய நமக்கு அந்த நடுக்கம் புரியும்!)

இறுதியில் உறுதிமொழி. எடின்பரோ, கிளாஸ்கோ, பெர்த் ஆகிய நகரங்களில், நாட்டில் அப்போது வழங்கிய, சட்டம் ஏற்ற மெய்ச்சமயத்தைத் தாமும் ஏற்பதாகச் சொல்லவேண்டும். 1733இல் அரசுத் திருச்சபையைக் குறைகூறிப் பிரிந்த குழுவினர்க்கு இத்தொடர் முள்ளாயிற்று. அது சீர்திருத்தச் சமயத்தைப் பொதுவாகவே குறிக்கும், எனவே குற்றமில்லை என்றனர் எர்ஸ்கின் சகோதரர். நாம் விட்டு விலகிய சபையையே மெய்யென ஒப்புவதாகும் என்றார் ஆடம் கிப். 1747இல் அச்சிறு குழுவும் இரண்டாகப் பிளந்தது. கிப்பின் தரப்பார் எர்ஸ்கின் சகோதரரைச் சபைவிலக்கும் செய்தனர். இரு தரப்பிலும் பெரும்பாலோர் மீண்டும் கூடியது 1820இல்தான்.

சொல்லுக்குப் பொருள் சொல்பவன் உள்ளத்தில் மட்டும் இல்லை. கேட்பவன் கொள்ளும் பொருளும் அதில் அடங்கும். ஆகவே, நமக்கு உகந்த பொருளை உள்ளே மறைத்து வைத்துக்கொண்டு உறுதி கூறுவதை நாம் ஏற்கமாட்டோம். அவ்வளவில் கிப் கூறியது சரியே. ஆனால் வாதிட்ட போதகர்களுக்குக் கடை வைத்துப் பிழைக்கும் தேவை இல்லை. உறுதி கூறினால் சபை விலக்கும், மறுத்தால் தறி ஓடாது என நின்றவன் நெசவாளி. அவன்மீது விலக்கை ஏவியதைக் கடுமை என்றே கருதுகிறோம்.

இருசாராரும் ஒருவரையொருவர் பழித்தனரே அன்றி, துணி நெய்யும் திறனுக்கும் சமய நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்று நகர மன்றத்தைக் கேட்டவர் எத்தனை பேர்? தொழில் நடத்த நகர உரிமை வேண்டும் என்னும் கட்டாயத்தையே 1846ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. அதற்குள் பிளவு தோன்றி 99 ஆண்டுகள் கழிந்திருந்தன.