டோமியே நல்லவளாக இருந்தாக வேண்டுமா?

வகுப்பில் கூடப் படித்த பெண் இறந்துவிட்டாள். உடல் துண்டு துண்டாகக் கிடைத்தது. துக்கம் ஆறாமல் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, பள்ளிக்குத் தாமதமாக வந்த மாணவியைப் போல அவளே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். ஜுன்ஜி இட்டோவின் ‘டோமியே’ மாங்கா வரிசை 1987இல் இப்படித்தான் தொடங்கியது. அப்போது இட்டோ செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தார். கதையை வெளியிட்ட ‘ஹாலோவீன்’ என்னும் மாத இதழ், பதின்வயதுப் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட திகில் இதழ்.

டோமியேவை வெட்டிப்போட்டால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் இன்னொரு டோமியே முளைப்பாள். பல்லிக்கு அறுந்த வால் வளர்வதிலிருந்து இந்த எண்ணம் வந்ததாக இட்டோ சொல்லியிருக்கிறார். நீண்ட கருங்கூந்தல், இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். அவளைப் பார்க்கும் ஆண்கள் மயங்குகிறார்கள். மயக்கம் முற்றியதும் கொல்கிறார்கள், பெரும்பாலும் வெட்டித் துண்டாக்குகிறார்கள்.

ரத்தமும் முளைக்கும் தலைகளும் நாலைந்து கதைகளில் பழகிப்போகின்றன. பழகாத ஒன்று உண்டு. ‘அவள்தான் என்னை இப்படிச் செய்யவைத்தாள்’ என்பது கொலைகாரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் சாக்கு. இட்டோவின் உலகத்தில் அது மெய். மறுத்த பெண்ணைக் கொன்றவனின் வெறிக்கு நம் செய்தித்தாள்கள் ‘ஒருதலைக் காதல்’ என்று பெயர் சூட்டும்போது, அது பொய் என்று நம்மால் கத்த முடிகிறது. இங்கே கத்துவதற்கும் வழியில்லை. அவளிடம் நிஜமாகவே ஏதோ இருக்கிறது.

சாகாத பெண், ஆணாதிக்கத்தால் அழிக்க முடியாத பெண் என்று அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளலாம். எனக்கு அது ஒப்பவில்லை. டோமியே பேராசைக்காரி, தற்பெருமைக்காரி, பொய் சொல்பவள். ஓவியன் ஒருவனைப் பற்றிய கதையில், அவனுக்கு மாதிரியாக இருந்த பெண்ணை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள். ஆண்களை ஏவிவிட்டு மற்றவர்களுக்குக் கேடு செய்கிறாள். தன்னிலிருந்தே முளைத்த மற்ற டோமியேக்களைக்கூட அவளால் சகிக்க முடியவில்லை. சகோதரித்துவம் பேச இவளிடம் போகக் கூடாது! பெண்ணைக் கண்டு அஞ்சும் ஓர் ஆணின் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் செய்யலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஒதுக்கிவிட்டால் இந்தக் கதைகள் நம்மிடம் கேட்கும் கேள்வியும் போய்விடும்.

ஜப்பானின் புகழ்பெற்ற பெண் பேய் ஓய்வா. 1825இல் எடோ நகரின் கபுகி மேடையில் ஏறியவள். பொறுமையான மனைவி, கணவனின் துரோகத்துக்கும், முகத்தைச் சிதைக்கும் நஞ்சுக்கும் பலியாகிறாள், பேயாக வந்து பழி தீர்க்கிறாள். பார்வையாளர்கள் அவள் பக்கம். நம் பழையனூர் நீலியும் கணவனால் கொல்லப்பட்டவள்தான். இந்தப் பேய்களுக்கு நியாயம் இருக்கிறது, கூடவே ஒரு நன்னடத்தைச் சான்றிதழும் இருக்கிறது. டோமியேவிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. அவள் பழிவாங்கவும் வருவதில்லை, சும்மா வருகிறாள்.

ஒரு பெண் கொல்லப்பட்டால் அவள் எப்படிப்பட்டவள் என்பதுதான் முதல் விசாரணை. அவளுக்காகப் பேச வரும் நாமும் அதற்கே பதில் சொல்கிறோம்: நன்றாகப் படிப்பாள், யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள், வீட்டைத் தாங்கியவள். அவசரத்தில் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். சொல்வதற்கு நல்லதாக எதுவுமே இல்லாத பெண்ணாக இருந்தால் என்ன செய்வோம்? டோமியேவைப் படிக்கும்போது எனக்குள் எங்கோ ஒரு குரல், ‘இவளுக்கு இது வேண்டும்’ என்கிறது. அந்தக் குரல்தான் எனக்குப் பயம். கொலையைக் கண்டிக்க, கொல்லப்பட்டவளைப் பிடித்திருக்க வேண்டும் என்று நானும் நம்பிக்கொண்டிருக்கிறேனோ?

‘புகைப்படம்’ என்ற கதையில் வரும் பள்ளி மாணவி ட்சுகிகோவுக்கு டோமியேவைச் சுத்தமாகப் பிடிக்காது. அவள் எடுத்த படத்தில்தான் டோமியேவின் இன்னொரு முகம், கோரமாக, தெரிகிறது. டோமியே யார் என்று கண்ணால் கண்டவள் அவள். ஆனாலும் அவள் கையில் இருப்பது கேமராதான். டோமியேவைக் கொல்பவர்கள் அவள் பின்னால் சுற்றிய பையன்கள்.

முதல் கதைக்கே திரும்பினால், அங்கே மயக்கம்கூடப் பெரிய காரணமாக இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் டோமியே செங்குத்துப் பாறையிலிருந்து விழுகிறாள். அவளோடு உறவு வைத்திருந்த ஆசிரியர், விஷயம் வெளியே தெரியாமல் மறைக்கச் சொல்கிறார். வகுப்பு முழுவதும் கீழ்ப்படிகிறது. ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையை மாணவர்களே முறைபோட்டுத் துப்புரவு செய்வது வழக்கம். அதே ஒழுங்கோடு உடலைத் துண்டாக்கி, அப்புறப்படுத்தப் பிரித்துக்கொள்கிறார்கள். தங்கள் பெயர், தங்கள் படிப்பு, தங்கள் எதிர்காலம். பேய் இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

அந்த வகுப்பில் ரெய்கோ என்றொரு பெண் இருக்கிறாள். டோமியேவின் தோழி. அவள் பங்குக்கும் ஒரு துண்டு வந்தது.