ஊற்றிக் கொடுக்கும் கை

திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறளும் குடிப்பவனைக் குறித்தே பேசுகின்றன. அவன் இழக்கும் மதிப்பையும், பெற்ற தாயே முகம் சுளிக்கும் அவல நிலையையும், பொருள் கொடுத்து மயக்கத்தை வாங்கும் பேதைமையையும் எடுத்துரைக்கின்றன. ஆனால் அந்தக் கள்ளை மொண்டு கொடுத்தவர் யார், அவருக்கு இதில் என்ன பங்கு என்ற வினாவை அவர் அங்கே எழுப்பவில்லை. 'புலால் மறுத்தல்' அதிகாரத்தில் நிலைமை வேறு. உண்பதற்கென்று உலகம் கேளாதிருந்தால், விலைக்கென்று ஊன் தருவாரும் இரார் என்று வாங்குபவரையும் விற்பவரையும் ஒரே கயிற்றில் பிணைத்துக் காட்டுகிறார். கள்ளைப் பற்றி அவர் கேளாமல் விட்ட வினாவை இன்று நாம் கேட்டாக வேண்டும். ஊற்றிக் கொடுக்கும் கைக்குப் பழி உண்டா? உண்டெனில் எவ்வளவு?

இது நமக்குத் தொலைவான வினா அன்று. மன்னார்குடி போன்றதோர் ஊரில் மதுக்கடைப் பணியாளர் அயலார் அல்லர். பாமணியாற்றுப் பாசனத்தில் சில மா நிலம் வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த மகனாக அவர் இருக்கலாம். நடவுக் கூலியைச் சேர்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தாயின் ஒரே நம்பிக்கையாகவும் இருக்கலாம். அவர் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் அவர் நம் அருகிலேயே முழந்தாளிடுகிறார். எங்கே வேலை என்று எவரேனும் கேட்டால் மட்டும், "கவர்மென்ட் வேலைதான்" என்று சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். அந்தத் தயக்கத்துக்குப் பின்னே இருப்பது அவருடைய குற்றமா, நம்முடைய பார்வையா என்பதை ஆராய்வது பயனுடையது.

அவர் அந்த மேசைக்குப் பின்னால் வந்து நின்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவின் பணம் வேண்டாம் என்றால் அந்தச் சுமையை நாம் எல்லோரும் பகிர்ந்து சுமக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென 'டாஸ்மாக்' நிறுவனம் தோன்றியது. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் தனியாரிடமிருந்து அந்த நிறுவனத்தின் கைக்கு மாறியது. அன்று முதல் ஊற்றிக் கொடுக்கும் கை அரசின் கையாயிற்று; அரசு மக்களுடையது என்றால், ஒருவகையில் அது நம் கையும் ஆயிற்று.

அந்த ஆண்டுகளைக் காவிரிக் கரை மக்கள் மறந்திருக்க முடியாது. 2002இலும் 2003இலும் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை, குறுவை பொய்த்தது. வயலில் வேலையில்லை, திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறியவர் பலர். அந்த வேளையில், மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவியாளர் எனப் பல்லாயிரம் பேர் தேவை என்ற அறிவிப்பு வந்தது. பட்டம் பெற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். முன்வைப்புத் தொகை கட்டிச் சேர்ந்தார்கள். ஊரை விட்டுப் போகாமல் மாதம் தவறாது ஊதியம் வரும் என்பதும், அரசு நிறுவனமாதலால் என்றாவது ஒருநாள் பணி நிரந்தரமாகும் என்பதும் அவர்கள் கண்ட ஏற்றங்கள். கடன் அடைந்த குடும்பங்கள் உண்டு. தங்கைக்குத் திருமணம் முடித்த அண்ணன்மார் உண்டு. உழைத்துப் பெற்ற அந்த நன்மைகளை நாம் பொய்யென்று சொல்லிவிட முடியாது.

இறக்கங்களோ அதிகம். இருபது ஆண்டுகள் கடந்தும் அவர்கள் தொகுப்பூதியப் பணியாளர்களாகவே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஏறத்தாழ 23,600 பேருக்கு மாதம் 2,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டபோதும் பணி நிரந்தரம் என்ற கோரிக்கை கோரிக்கையாகவே நின்றது. 2016இல் கடை நேரம் நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை என மாற்றப்பட்ட பின்னும், பிள்ளைகள் விழித்திருக்கும் மாலைப் பொழுதை அவர்கள் வீட்டில் கழிக்க முடியவில்லை. கம்பி வலைக்குப் பின்னே நின்று விற்கும் அவர்கள், இரவில் விற்பனைப் பணத்தோடு தனியே செல்லும்போது வழிப்பறிக்கும் அஞ்ச வேண்டும். 2017இல் நெடுஞ்சாலையோரக் கடைகள் உச்ச நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டு, குடியிருப்புகளுக்கு அருகே இடம் மாற்றப்பட்டபோது, தமிழகமெங்கும் பெண்கள் திரண்டு கடைகளை முற்றுகையிட்டார்கள். அவர்களுடைய சினம் நேர்மையானது. ஆனால் அந்தச் சினத்தின் முன் நின்றவர் கொள்கை வகுத்தவர் அல்லர். தொகுப்பூதியம் வாங்கிய விற்பனையாளர்.

அவரினும் கீழே இன்னொருவர் இருக்கிறார். கடையை ஒட்டிய மதுக்கூடத்தில் தம்ளரும் தண்ணீரும் சுண்டலும் எடுத்து வைக்கும் சப்ளையர் அவர். அக்கூடங்களில் தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும் தனியாருக்கு உரிமம் தரப்பட்டது. ஆகவே அவர் அரசின் பணியாளரும் அல்லர். நாட்கூலியும், குடித்தவர் மகிழ்ந்து மேசைமேல் விட்டுச் செல்லும் சில்லறையுமே அவருடைய வருவாய். மனிதர்களை அவர் அறிந்த அளவு அறிந்தவர் சிலரே. அறுவடைக் கூலி கையில் வந்த அன்று யார் வருவார், மகளின் கட்டணத்துக்கு வைத்த பணத்தை யார் கொண்டுவந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மனைவியிடமும் குருவிடமும் சொல்லாத துயரத்தை அவரிடம் சொல்லி அழுபவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டே அவர் அடுத்த தம்ளரை எடுத்து வைக்கிறார். ஆறுதல் தரும் அதே கை, அழிவையும் அருகே வைக்கிறது. இத்தொழிலின் ஆழமான வேதனை இங்கேதான் இருக்கிறது.

இப்பணியைச் செய்வோர் தம் மனச்சான்றுக்குச் சொல்லிக்கொள்ளும் மறுமொழிகள் மூன்று. சட்டம் அனுமதிக்கிறது என்பது முதலாவது. சட்டம் அனுமதித்ததெல்லாம் அறம் ஆகிவிடாது என்பதை நாம் அறிவோம். குடிப்பவர் தம் விருப்பப்படி குடிக்கிறார் என்பது இரண்டாவது. முதல் தம்ளருக்கு இது பொருந்தலாம். கை நடுங்கிக் கடை திறக்கும்முன் வாயிலில் காத்திருப்பவரிடம் எஞ்சியிருக்கும் விருப்பம் எவ்வளவு? நான் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார், அல்லது நஞ்சு விற்பவர் வருவார் என்பது மூன்றாவது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை எண்ணினால் இதனை எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் அங்கே அரசு மதுக்கடைகள் இருந்தும் அந்தச் சாவுகள் நேர்ந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், வேறொருவர் செய்வார் என்பது உலகிலுள்ள எந்தத் தீமைக்கும் பொருந்தக்கூடிய சாக்கு.

அப்படியானால் இவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்துவிடலாமா? திருச்சபையின் அறநெறி அறிஞர்கள் அவ்வளவு விரைந்து தீர்ப்பிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அல்போன்ஸ் லிகோரியார், பிறர் செய்யும் தீமைக்குக் கைகொடுப்பதில் இருவகை உண்டு என்று தெளிவுபடுத்தினார். தீயவரின் நோக்கத்தைத் தன் நோக்கமாகவே ஏற்றுத் துணைபோவது ஒன்று. அதை விரும்பாமல், வேறொரு தக்க காரணத்துக்காகச் செய்யும் செயலைப் பிறர் தீமைக்குப் பயன்படுத்திக்கொள்வது மற்றொன்று. முதலாவது எந்நாளும் குற்றமே. இரண்டாவதை எடைபோட வேண்டும். தீமை எவ்வளவு பெரிது, நம் கை அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, விலகினால் நாம் இழப்பது என்ன என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். இதுவும் எல்லையற்ற சலுகை அன்று. கற்பழிக்கச் செல்லும் தலைவன் சன்னல் வழி ஏறத் தோள் கொடுக்கும் பணியாளன், இழப்புக்கு அஞ்சிச் செய்தால் பெரும் பாவம் ஆகாது என்ற கருத்தை, 1679இல் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் கண்டித்து விலக்கினார். அச்சத்துக்கும் பிழைப்புக்கும் அறம் இடம் தருகிறது; ஆனால் அவற்றின் பெயரால் எதையும் செய்யலாம் என்று அது சொல்வதில்லை.

நற்செய்தியிலும் இரு வழிகளைக் காண்கிறோம். வரிதண்டுவோர் திருமுழுக்கு யோவானிடம் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டனர். தொழிலை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை; குறிக்கப்பட்ட அளவுக்குமேல் தண்டாதீர்கள் என்றார். புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற நெடுநாள் முறையீட்டை நினைத்தால் அந்த அறிவுரை இன்றைக்கே சொன்னதுபோல் ஒலிக்கிறது. மத்தேயுவோ சுங்கச் சாவடியை விட்டு எழுந்தே போய்விட்டார். இருவழியும் இறைவனுக்கு உகந்தவையே. எழுந்து போக முடிந்தவர் போகட்டும். போக முடியாதவர் இருக்கும் இடத்திலேயே நேர்மையைத் தேடட்டும். மத்தேயுவின் அழைப்பை எல்லோர்மீதும் சட்டமாகச் சுமத்த நமக்கு உரிமையில்லை.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856இல் பிறந்த மாட் டால்பட் என்ற ஏழைத் தொழிலாளியின் வாழ்வு இங்கே நமக்கு ஒளி தருகிறது. பன்னிரண்டு வயதளவில் மது நிறுவனம் ஒன்றில் புட்டியடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார்; அங்கேயே குடிக்கக் கற்றார். 1884இல் குடியை விட்டவர், 1925இல் இறக்கும்வரை அதைத் தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவரைக் குடியிலிருந்து மீண்டவர் என்றே நாம் போற்றுகிறோம். மதுவைக் கையாளும் தொழிலுக்குச் சிறுவயதிலேயே அனுப்பப்பட்டவர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம். இத்தொழிலின் முதல் இரை பல நேரங்களில் அதில் வேலை செய்பவரே. தம் கடைப் பணியாளரின் கை எப்போது நடுங்கத் தொடங்கியது என்று கேட்பார் எவரும் இல்லை.

பழி எங்கே தொடங்குகிறது? எங்கே ஒருவருக்கு "இல்லை" என்று சொல்லும் ஆற்றல் இருக்கிறதோ, அங்கேதான் அவர் பொறுப்பும் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், போதையேறியவர் என்று தெரிந்தே அவருக்கு மது விற்பதைக் குற்றமாக்கியது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், நிலை தடுமாறியவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த மதுக்கூடம், அவரால் விளையும் கேட்டுக்கு வழக்கைச் சந்திக்க நேரிடும். இத்தகைய சட்டங்கள் பணியாளரை அச்சுறுத்துவதோடு நிற்பதில்லை; மறுக்கும் அதிகாரத்தையும் அவர் கையில் தருகின்றன. அதே 2003ஆம் ஆண்டில் நாம் நம் இளைஞர்களை மேசைக்குப் பின்னே நிறுத்தினோம். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது என்ற விதி அவர்களுக்கு உண்டு. ஆனால் தள்ளாடி வரும் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போங்க" என்று சொன்னால் அவருக்குத் துணைநிற்பவர் யார்? உடைந்த புட்டி முகத்துக்கு நேரே வரும். விற்பனை குறைந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். மறுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டு, மறுக்காத பழியை மட்டும் அவர் தலையில் வைப்பது நீதியாகாது.

அதற்காக அவர் முற்றிலும் ஆற்றலற்றவர் என்றும் சொல்ல மாட்டோம். பள்ளிச் சீருடையை மாற்றிக்கொண்டு வரும் சிறுவனைத் திருப்பி அனுப்ப அவரால் முடியும். போதையில் வண்டியை எடுப்பவரின் சாவியை வாங்கி வைக்க ஒரு சப்ளையரால் முடியும். மயங்கிக் கிடப்பவரின் சட்டைப் பையைத் தொடாமல், அவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப முடியும். கூடுதல் பத்து ரூபாயை வேண்டாம் என்று வைக்க முடியும். இவை சிறியவை போல் தோன்றலாம். ஆனால் அவருடைய மனச்சான்று உயிரோடு இருக்கிறதா என்பதை இறைவன் இவற்றில்தான் பார்க்கிறார்.

நம் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024-25ஆம் நிதியாண்டில் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பணம் சாலையாகவும் பள்ளியாகவும் நலத்திட்டமாகவும் நம் வீட்டு வாசல்வரை வருகிறது. நாம் மறுக்காமல் பெற்றுக்கொள்கிறோம். இராஜாஜி கேட்டதுபோல் அந்த இழப்பை நம் வரியால் ஈடுசெய்ய இன்று எத்தனை பேர் முன்வருவோம்? ஊற்றியவர் ஒருவர், ஊற்றச் சொன்னவர் ஒருவர், ஊற்றியதன் பயனைப் பெற்றவர்கள் அனைவரும். இவர்களுள் மிகக் குறைந்த கூலி பெற்றவர்மீது மிகப் பெரிய வெட்கத்தைச் சுமத்தியிருக்கிறோம். அவர் மகளுக்கு வரன் பேசும்போது, "அப்பா என்ன வேலை?" என்ற கேள்வியில் பேச்சு முறிந்துபோவதை நாம் இயல்பென்று எண்ணுகிறோம்.

ஆகவே பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியவை உள்ளன. போதையேறியவருக்கு மறுக்கும் உரிமையும், அவ்வாறு மறுத்தவருக்குப் பாதுகாப்பும் சட்டத்தில் இடம்பெறக் குரல் எழுப்பலாம். கடைகள் மூடப்பட வேண்டும் என்று கேட்கும் அதே மூச்சில், அங்கே பணிபுரிவோருக்கு மாற்றுப் பணி வேண்டும் என்றும் கேட்கலாம். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டதுபோல் இனியும் மூடப்படலாம், மூடப்படவும் வேண்டும். நம் அன்பியக் கூட்டங்களில் குடிநோயாளரின் குடும்பத்துக்காக மன்றாடும்போது, ஊற்றிக் கொடுப்பவரின் குடும்பத்தையும் பெயர் சொல்லி நினைக்கலாம். இரவு பத்து மணிக்குமேல் கதவைச் சாத்திவிட்டு, உடையில் படிந்த வாடையோடு வீடு திரும்பும் அவர், மறுநாள் காலை திருப்பலிக்கு வந்தால் அமர்வதற்கு நம் பக்கத்தில் இடம் இருக்க வேண்டும்.