பிழைத்தவரின் வலி

"உயிர் பொழச்சதே பெரிய விஷயம்." புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பிய எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு அம்மாவைப் பார்க்க வந்தவர்களில் பலர் இதைச் சொன்னார்கள். சாத்துக்குடிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை. நுரையீரல் புற்றுநோயிலிருந்து ஒருவர் பிழைத்து வருவது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வாக்கியம் பேச்சில் எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். "இன்னும் வலிக்குது" என்று நோயாளி சொன்னதற்கு அடுத்த வரியாகத்தான் அது பெரும்பாலும் வருகிறது. அதற்குப் பிறகு பேச்சு வேறு எதற்கோ போய்விடும்.

சாவிலிருந்து தப்பியவருக்குத் தன் வலியைப் பற்றிக் குறை சொல்ல உரிமை உண்டா? உண்டு என்றால் கேட்கிறவருக்கு என்ன கடமை? ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டில் யாரும் புகைத்ததில்லை. புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வரும் என்பதை எங்கள் தெருவில் பலர் அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் சுத்தம். வலி மட்டும் போகவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நுரையீரல் திசுவுக்கு நம் தோலைப் போல வலியை உணரும் திறன் கிடையாது. அதனால்தான் பலருக்கு உள்ளே கட்டி வளர்வது தெரிவதே இல்லை. ஆனால் அதை எடுக்கப் போகும் பாதை அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கிப் பக்கவாட்டில் வெட்டி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து விரிப்பார்கள். அப்போது அந்த நரம்பு நசுங்கலாம், இழுபடலாம். சிறு துளைகள் போட்டு கேமராவின் உதவியோடு செய்யும் முறையில் இந்தச் சேதம் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. சேதமான நரம்பு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்திக்குப் பழகி மரத்துப்போவதற்குப் பதில் இன்னும் கூர்மையாகிவிடுகின்றன. வெட்டுக்காயம் ஆறி இரண்டு மாதம் கடந்த பிறகும் வலி நீடித்தால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. அபூர்வமான விஷயம் இல்லை. மார்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு இது வருகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் தொடர்கிறது.

ஆக, நோய் வலிக்கவில்லை. நோயை எடுக்கப் போன வழிதான் வலிக்கிறது.

அந்த வலி அன்றாடத்தில் எப்படி இருக்கும்? ரவிக்கையின் கீழ்ப்பட்டி தழும்பில் பட்டால் எரியும். தி. நகர் டெய்லரிடம் பழைய ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தளர்த்தித் தைத்தாயிற்று. ஆட்டோ ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏறி இறங்கும்போது அம்மாவின் வலது கை தானாக விலாவைப் பிடித்துக்கொள்ளும். தும்மல் வருவதற்கு முன்பே முகம் சுருங்கும். மார்கழியில் சபாவில் கச்சேரி கேட்கப் போனால் தனி ஆவர்த்தனம் வரைக்கும் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது. இதில் எதுவும் பெரிய துன்பமாக வெளியே தெரியாது. ஒரு ஆள் பாதிக் கச்சேரியில் எழுந்து போகிறார், அவ்வளவுதான்.

மருத்துவமனைகளில் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் கற்பனை செய்ய முடிந்த உச்ச வலி. அம்மாவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவே பிடிக்காது. "பத்துன்னா எவ்ளோன்னு தெரியாம எப்படிடா ஏழுன்னு சொல்றது? அலகு இல்லாத எண்ணை நான் பிள்ளைங்களுக்கே போட விட்டதில்ல" என்பாள். ஒருநாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண் வேணாம், பேர் சொல்றேன்" என்றாள். அதிலிருந்து எங்களுக்குள் வேறு ஒரு அளவுகோல் வந்தது. சுரீர் என்று குத்துவது ஒன்று. எரிவது ஒன்று. உள்ளுக்குள் குடைவது ஒன்று. மரத்துப்போய் மதமதவென்று இருப்பது ஒன்று. துண்டைப் போட்டு இறுக்கிக் கட்டியது போல விலாவைச் சுற்றிப் பிடிப்பது ஒன்று. கடுக்குது, தெறிக்குது, உளையுது, விண்விண்ணுங்குது. தமிழில் வலிக்கு இத்தனை வினைச்சொற்கள் இருப்பது சும்மா இல்லை. ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட புகழ்பெற்ற வலி வினாப்பட்டியலும் இந்த வேலையைத்தான் செய்தது. நோயாளிகள் பயன்படுத்தும் வலிச் சொற்களைத் திரட்டி வகைபிரித்தது. எரிச்சலா, குத்தலா, அழுத்தமா என்பதை வைத்து இது நரம்பு வலியா வேறு வலியா என்று மருத்துவரால் ஓரளவு ஊகிக்க முடியும். எண்ணால் அது முடியாது.

ஆனால் சொல் இருந்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பவர் நம்பவும் வேண்டும். எலைன் ஸ்காரி 1985-இல் எழுதிய 'வலிக்கும் உடல்' பற்றிய நூலில் இந்தச் சிக்கலைத் தொடுகிறார். வலி இருக்கிறவருக்கு உலகத்திலேயே அதைவிட நிச்சயமான விஷயம் வேறில்லை. கேட்கிறவருக்கோ சந்தேகப்படுவதற்கு அதைவிட எளிதான விஷயம் வேறில்லை.

மென்பொருள் வேலையில் இதற்கு அச்சு அசலாக ஒரு நிகர் உண்டு. ஒருவர் ஒரு பிழையைப் புகாராகப் பதிவு செய்வார். நாம் நம் கணினியில் ஓட்டிப் பார்ப்போம், ஒழுங்காக ஓடும். "ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை" என்று எழுதிப் புகாரை மூடிவிடுவோம். மூடியதால் பிழை போய்விடுவதில்லை, நம் பட்டியலில் இருந்து போய்விடுகிறது. சுத்தமான ஸ்கேன் ரிப்போர்ட்டும் பல சமயம் இப்படித்தான் பயன்படுகிறது. ஸ்கேன் தேடியது கட்டியை. கட்டி இல்லை என்று சொன்னது, அது மகத்தான செய்தி. நரம்பின் வலியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆனால் "அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே" என்று நாம் வலிக்கும் சேர்த்து அதிலேயே பதில் படித்துவிடுகிறோம்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியது. அதன் குறிப்புகளில் ஒன்று, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பது. ஒரு அறிவியல் அமைப்பு வரையறைக்குப் பக்கத்தில் இப்படி ஓர் அறத்தையும் எழுதவேண்டி வந்திருக்கிறது.

நம்பாததற்கு நம் ஊரில் சட்ட வடிவமே இருந்தது. சட்டப்படி அபினிப் பயிர் விளைவித்து ஏற்றுமதியும் செய்யும் நாடு இந்தியா. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டமோ மார்ஃபினை வைத்திருக்க மருத்துவமனைகளுக்கே ஏகப்பட்ட உரிமங்களைக் கேட்டது. பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. கேரளத்தின் எம்.ஆர். ராஜகோபால் போன்ற மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அம்மாவுக்கு இருப்பது போன்ற நரம்பு வலிக்கு மார்ஃபின் முதல் மருந்தல்ல, அதற்கு ப்ரீகாபலின் மாதிரி வேறு மாத்திரைகள். ஆனாலும் இந்த வரலாறு ஒன்றைக் காட்டுகிறது. யாரோ ஒருவர் தவறாகப் பயன்படுத்திவிடுவாரோ என்ற பயத்துக்காக, வலியில் கிடந்த பலரை நாம் காத்திருக்க வைத்தோம்.

வேறொரு காரணமும் உண்டு. புற்றுநோய் மருத்துவத்தின் கதையே பிழைப்பின் கதையாகத்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியபோது, புற்றுநோய் என்றால் மரணம் என்பதுதான் பொதுப்புத்தி. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்தப் பொதுப்புத்தியோடு போராடினார். அந்தத் தலைமுறைக்குப் பிழைக்க வைப்பதுதான் முதல் வேலை, அது நியாயமும்கூட. உலகத்திலும் அப்படித்தான். 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலையும் ஒரே ஆபரேஷனில் வெற்றிகரமாக எடுத்தார். நோயாளி ஜேம்ஸ் கில்மோர், அவரும் ஒரு மருத்துவர். அவர் 1963 வரை வாழ்ந்தார். கிரஹாமோ 1957-இலேயே நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த ஆண்டுகளைச் சொல்வார்கள். அந்த முப்பது வருடங்களில் கில்மோருக்கு விலாவில் வலித்ததா என்று கதை கேட்பதில்லை.

இதுவரைக்கும் சொன்னது மற்றவர்களைப் பற்றி. கடினமான பகுதி அம்மாவே அந்த வாக்கியத்தை நம்புவதுதான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா இருந்தார். அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். அவர் பிழைக்கவில்லை. "அவளுக்கு இல்லாத உயிர் எனக்குக் கெடச்சிருக்கு. விலா வலிக்குதுன்னு நான் எப்படிடா வாயைத் திறப்பேன்?" என்று அம்மா கேட்கிறாள். இதை வெறும் அடக்கம் என்று தள்ளிவிட முடியாது. இதில் ஒரு அறக் கணக்கு இருக்கிறது. எனக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கடனுக்கு வட்டியாக நான் மௌனமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு தப்பு என்றுதான் நினைக்கிறேன். கணக்கு டீச்சரிடம் கணக்கில்தானே வாதாட முடியும்? உயிரிலிருந்து வலியைக் கழிக்க முடியாது. இரண்டுக்கும் அலகு வேறு. பிழைத்ததற்கான மகிழ்ச்சி ஒரு நோட்டில், விலா வலி இன்னொரு நோட்டில். முதல் நோட்டில் எவ்வளவு பெரிய தொகை இருந்தாலும் இரண்டாவது நோட்டில் ஒரு பைசா குறையாது. அம்மா வாயை மூடிக்கொள்வதால் அந்த அக்காவுக்கும் ஒன்றும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

நன்றியும் முறையீடும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது என்று நம் மரபும் சொல்லவில்லை. பங்குனியில் மாட வீதிகளைச் சுற்றி வரும் அறுபத்து மூவரில் அப்பரும் ஒருவர். சூலை நோயால் துடித்து, திருவதிகை கோயிலுக்குப் போய் அவர் பாடிய முதல் பதிகமே வயிற்று வலியைப் பற்றிய முறையீடுதான். வலி தீர்ந்த பிறகு பாடிய நன்றிப் பாட்டு அல்ல, வலிக்கும்போதே பாடியது. அதை யாரும் நன்றிகெட்ட பாட்டு என்று சொன்னதில்லை.

வள்ளுவரும் அடிக்கடி இழுக்கப்படுகிறார். தவம் என்றால் வந்த துன்பத்தைப் பொறுப்பது என்று அவர் சொன்னதாக அம்மாவிடம் ஒரு உறவினர் சொன்னார். உண்மைதான், ஆனால் அந்தக் குறளுக்கு இன்னொரு பாதி உண்டு. பிற உயிருக்குத் துன்பம் செய்யாமலிருப்பதையும் சேர்த்துத்தான் அவர் தவம் என்கிறார். முதல் பாதியை நோயாளி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். பார்க்க வருகிறவர்களுக்கு உரியது இரண்டாவது பாதி. தனக்கு உரிய பாதியை விட்டுவிட்டு அடுத்தவருக்கு உரிய பாதியை எடுத்து அவருக்கே உபதேசம் செய்வது எளிது. மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றாக வள்ளுவர் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவரையும் எண்ணுகிறார். நோயாளியின் வலியை நம்புவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வலி கூடாதா? கூடும். கவனம், பயம், தூக்கமின்மை எல்லாம் வலியைப் பெரிதாக்கும் என்பது தெரிந்த விஷயம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் தோழிகளோடு நடக்கும் நாற்பது நிமிடம் அம்மா வலியைப் பற்றி மூச்சு விடுவதில்லை, அந்த நாற்பது நிமிடம் அவளுக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மௌனம் எல்லாமே தீங்கு என்று நான் சொல்லவரவில்லை. அவளாகத் தேர்ந்துகொண்ட மௌனம் ஓய்வு மாதிரி. நாம் அவள்மேல் போட்ட மௌனம் இன்னொரு சுமை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வேண்டும்போது பேச ஒரு ஆள் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

சுமத்திய மௌனத்தில் ஆபத்தும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக வருகிற வலியை, இடம் மாறுகிற, நாளுக்கு நாள் கூடுகிற வலியை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வலியைச் சொல்லவே கூடாது என்று பழகியவர் அன்றைக்கும் சொல்லமாட்டார்.

அம்மாவின் வலி முழுசாகப் போகும் என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை கொஞ்சம் குறைக்கிறது, பகலில் தூக்கம் வரவைக்கிறது. மூச்சுப் பயிற்சியும் தோள் பயிற்சியும் நடக்கின்றன. வெந்நீர்ப் பை சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. வலியோடு வாழப் பழகுவது என்பது வலியை ஜெயிப்பது அல்ல போலிருக்கிறது. அது இன்றைக்கு எந்த வகை என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்வது. எரிகிற நாளில் நைட்டி, குடைகிற நாளில் வெந்நீர், பிடிக்கிற நாளில் ஆட்டோ வேண்டாம், நடந்தே காய்கறிக் கடை.

நான் இப்போது "வலிக்குதாம்மா?" என்று கேட்பதில்லை. அதற்கு ஆமாம், இல்லை என்ற இரண்டே பதில்தான், இரண்டுமே அவளுக்குச் சங்கடம். "இன்னிக்கு எது?" என்று கேட்கிறேன். என் வாதத்தை அவள் முழுசாக ஏற்கவில்லை. "உயிர் பொழச்சதே பெருசு" என்று இன்னமும் அவளேதான் முதலில் சொல்கிறாள். சொல்லிவிட்டு, "ஆனா இன்னிக்குச் சுரீர்தான், காலைலேந்து மூணு வாட்டி" என்கிறாள்.