வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

கொடைக்கானல் நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில், சோலைக்காட்டின் விளிம்பில், பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதுபோல் அமைந்திருக்கிறது வட்டக்கானல் என்னும் சிற்றூர். வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை இவ்வூரைத் தொட்டே செல்கிறது. கட்டாயப் படைப்பணியை முடித்த இஸ்ரயேல் நாட்டு இளைஞர்கள் பல்லாண்டுகளாக வந்து தங்கியதால், 'குட்டி இஸ்ரயேல்' என்றே இதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. அவர்களைத் தொடர்ந்து நம் நகரங்களின் பிள்ளைகளும் வந்தனர். இரவெல்லாம் இசை, ஆட்டம், மது, போதைக் காளான் என்று மலையின் பெயர் செய்தித்தாள்களில் அடிபடலாயிற்று. 2020 பிப்ரவரியில் மேல்மலைக் குண்டுப்பட்டியில் நடந்த ஓர் இரவு விருந்தில் காவல்துறையினர் இருநூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தபோது, பெற்றோர் பலர் தம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதையே அன்றுதான் அறிந்தனர்.

இந்தச் செய்திகளோடு ஒரு திரைப்படத்தை இணைத்து எண்ணிப் பார்க்க நேர்ந்தது. நமது பங்கின் இளைஞர்கள் சிலர், பாஸ் லர்மன் இயக்கி 1996இல் வெளிவந்த 'ரோமியோ ஜூலியட்' படத்தைப் பங்கு மன்றத்தில் திரையிட்டனர். ஷேக்ஸ்பியரின் சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் வாளுக்குப் பதில் கைத்துப்பாக்கி. குதிரைக்குப் பதில் மோட்டார் வண்டி. கபுலெத் வீட்டு விருந்து, காதடைக்கும் இசையுடன் கூடிய மாறுவேடக் கொண்டாட்டமாகிறது. அதற்குள் நுழையுமுன் ரோமியோ ஒரு போதை மாத்திரையை விழுங்குகிறான். படம் முடிந்ததும், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் எழுந்து, "காவியத்தைக் கொண்டுபோய்க் குடிகாரக் கூத்தில் தள்ளிவிட்டார்களே, சாமி!" என்று மனம் வருந்தினார். இளைஞர்களோ, "எங்களுக்கு இப்போதுதான் சார், அந்த நாடகமே புரிந்தது" என்றனர். இருவர் சொல்லிலும் உண்மை இருப்பதாக நமக்குத் தோன்றியது. அது எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நாடகத்திற்குப் புதிய உடை போர்த்துவது குற்றமன்று. நம் தமிழ்த் திரையே அதைச் செய்திருக்கிறது. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி', சோழ இளவரசியையும் கம்பரின் மகனையும் பற்றிய நம் கதையில் ரோமியோ ஜூலியட்டின் சாயலைக் கலந்தது. ஷேக்ஸ்பியரும் அக்கதையைத் தாமே புனைந்தவர் அல்லர். 1562இல் ஆர்தர் புரூக் என்பவர் ஆங்கிலத்தில் பாடிய நெடும்பாடலிலிருந்தே எடுத்தார். புரூக் தம் முன்னுரையில் பெற்றோரை மதியாத காதலரையும், அவர்களுக்குத் துணைபோன துறவியரையும் கடுமையாகச் சாடியிருந்தார். ஷேக்ஸ்பியர் அந்தச் சாடலை விலக்கி, அனைவரையும் பரிவோடு நோக்கினார். ஆகவே, மாற்றினார்களா என்பதை விட, மாற்றியதில் எதைக் காத்தார்கள், எதை இழந்தார்கள் என்பதே கேட்கத்தக்கது.

முதலில் காத்ததைச் சொல்வோம். இளைஞர் விருந்து இயக்குநரின் கைச்சரக்கன்று. அது மூலநாடகத்திலேயே உள்ளது. அழையா விருந்தினராக முகமூடியணிந்து பகைவர் வீட்டினுள் நுழையும் இளைஞர் கூட்டத்தை அங்கேயே காணலாம். 'ஒத்தெல்லோ'விலும் வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவே காசியோவுக்கு மது ஊட்டித்தான் இயாகோ தன் சூழ்ச்சியைத் தொடங்குகிறான். மனிதர் தம் காவலைத் தளர்த்தும் நேரம் விருந்து நேரம் என்பதைப் பழைய நாடகாசிரியர்கள் நன்கறிவர்.

தளர்ந்த வேளையில்தான் ஒருவரது உள்ளீடும் தெரிகிறது. 'அடங்காப்பிடாரி' நாடகத்தைத் தழுவி 1999இல் வந்த ஓர் அமெரிக்கப் பள்ளிப் படத்தில், விருந்தில் மதுவுண்டு தள்ளாடும் பெண், தன்னை அழைத்து வந்தவனை முத்தமிட நெருங்குகிறாள். அவனோ, இது அதற்குரிய வேளையன்று என்று விலகிக்கொள்கிறான். மூலநாடகத்தின் கணவன் மனைவியைப் பட்டினி போட்டும் உறங்கவிடாமலும் பணிய வைக்கிறான். இந்த ஓரிடத்தில் படம் மூலத்தைவிட அறத்தில் உயர்ந்து நிற்கிறது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

ரோமியோவின் விருந்திலும் பலர் கவனியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. பகைவனின் மகன் வந்திருப்பதைக் கண்டு திபால்த் சீறுகிறான். ஜூலியட்டின் தந்தையே அவனை அதட்டி அடக்குகிறார். ஊரார் அந்தப் பிள்ளையை நல்லவன் என்றே சொல்கிறார்கள் என்கிறார். இரு வீட்டாரின் நெடுநாள் பகையில், ஒரு தந்தை எதிரியின் மகனை மனிதனாகப் பார்த்த ஒரே நேரம் அதுதான். அதுவும் நடந்தது விருந்தில்தான்! அந்த வாசல் திறந்ததை லாரன்ஸ் அடிகளார் அறியார். ஏனெனில் அவர் அங்கே இல்லை.

அடிகளாரைப் பற்றி இனிப் பேசியாக வேண்டும். அருள்பணியாளர் ஒருவர் இந்நாடகத்தைப் படிக்கும்போது நெஞ்சைக் குத்துவது காதலரின் சாவன்று, அடிகளாரின் வாழ்வே. அவர் நல்லவர். மூலிகை அறிந்தவர். இந்தத் திருமணத்தால் இரு குடும்பப் பகை தீரும் என்று உண்மையாகவே நம்பினார். அவசரம் கூடாதென்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறியவர், தாமே அவசரப்பட்டு, விருந்துக்கு மறுநாளே மணமுடித்து வைத்தார். யாருக்கும் தெரியாத மறைமணங்களைத் தடுக்கவே 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம், பங்குக் குரு முன்னிலையும் சாட்சிகளும் வேண்டும் என விதித்தது. மூன்று முறை கோவிலில் திருமண ஓலை வாசிக்கும் நம் வழக்கமும் அதே அக்கறையில் நிலைபெற்றது. திருமணம் ஊரறிய நிற்க வேண்டிய உண்மை என்பது அதன் பொருள். அடிகளாரோ அந்த உண்மையை ஒளித்து வைத்தார். பிறகு அதைக் காக்க உறக்க மருந்து. மருந்தைக் காக்க மடல். மடல் கொண்டுபோன துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்பட்டார். செய்தி சேரவில்லை. கடைசியில், கல்லறையில் ஜூலியட் கண்விழிக்கையில் அடிகளார் அருகில் நிற்கிறார். காவலர் வரும் அரவம் கேட்கிறது. வர மறுக்கும் சிறுமியைப் பிணங்களிடையே விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். அவளுக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை.

லர்மன் படத்தில் இக்காட்சி இல்லை. கல்லறைக் காட்சியில் அடிகளாரே இல்லை. நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகளின் ஒளியில் இருவர் மட்டும் அழகாக மடிகிறார்கள். அடிகளார் பிடிபட்டு நடுங்கி, தம் பிழையை எல்லார் முன்னும் ஒப்புக்கொள்ளும் நீண்ட அறிக்கையும் இல்லை. படம் இழந்தது இதைத்தான். போதை மாத்திரையைக் காட்டியது நம்மை அவ்வளவு வருத்தவில்லை. சாவையும் விருந்தின் தொடர்ச்சியாக, கண்கவர் ஒளியாக மாற்றிவிட்டதே வருத்துகிறது. பெரியவர்களின் பொறுப்பு அங்கே மறைந்துவிடுகிறது. ஆசிரியர் ஐயாவின் வருத்தத்தில் இருந்த உண்மை இது என்று கருதுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபு நம் தமிழில், அதுவும் மலைநிலத்தில் உண்டு. குறிஞ்சித் திணையில் காதலால் மெலிந்த மகளைக் கண்ட தாய், முருகன் அணங்கினான் என்று கருதி வேலனை அழைப்பாள். அவன் கழங்கு உருட்டுவான், ஆட்டுக்குட்டியைப் பலியிடுவான், வேலேந்தி வெறியாடுவான். நோய் மட்டும் தீராது. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய 'வெறிப்பத்து' முழுதும் இப்பொருளே. அந்த வேளையில் தோழி முன்வந்து, மகளின் காதலைத் தாயிடமோ செவிலியிடமோ உள்ளபடி எடுத்துரைப்பாள். அதற்கு அகப்பொருள் இலக்கணம் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்' என்பது. குறிஞ்சிப்பாட்டு முழுவதும் ஒரு தோழியின் அத்தகைய பேச்சுத்தான். காதலைக் காப்பதும் வீட்டாரிடம் உண்மை பேசுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று நம் முன்னோர் கண்டனர். லாரன்ஸ் அடிகளாருக்கு இல்லாமற்போனது அந்தத் தோழியின் துணிவே. ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரை மீறவொண்ணாதது. அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் மறைத்தது பாவசங்கீர்த்தன இரகசியமன்று. தாமே நடத்தி வைத்த ஒரு திருமணம்.

பிறரைக் குறை கூறிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய வேறொரு பங்கில் நடந்ததை, உரியவரின் இசைவோடு எழுதுகிறோம். ஒரு தாய் அறைவீட்டுக்கு வந்து அழுதார். கல்லூரியில் படிக்கும் மகன் நண்பர்களோடு வட்டக்கானல் போய் வந்தானாம். அன்றுமுதல் சாப்பாடில்லை, பேச்சில்லை. "மலைக்காத்து அடிச்சிருக்கு சாமி, நீங்க வந்து தலையில கைவச்சு மந்திரிச்சா சரியாப் போயிரும்" என்றார். நாமும் சென்றோம். தீர்த்தம் தெளித்தோம், தலைமேல் கைவைத்துச் செபித்தோம், போதைப் பழக்கம் பற்றிக் கால் மணி நேரம் புத்தி சொன்னோம். தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். அவன் தலை குனிந்தே இருந்தான்.

ஈராண்டு கழித்து அவன் நம்மிடம் பேசினான். வேறு சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணை, நம் பங்கின் பெண்ணையே, அவன் விரும்பியிருந்தான். இரு வீட்டிலும் தெரிந்து, அவளை வேறிடத்தில் அவசரமாகக் கட்டிக்கொடுக்க ஏற்பாடு நடந்த வாரத்தில்தான் அவன் மலையேறியது. "அங்க யாரும் நீ எந்தத் தெருன்னு கேக்கல சாமி. அதான் போனேன்" என்றான். சற்று நேரம் கழித்து, "அன்னைக்கு வீட்டுக்கு வந்தீங்களே, ஒரு கேள்வி கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்" என்றான். நம்மிடம் பதில் இல்லை. இறையியல் பயின்ற நாம் அன்று அந்த வீட்டில் செய்தது வெறியாட்டு. தாய் வேலனைத் தேடி வந்தார். வேலனாகவே போய் வந்தோம். அந்தப் பெண்ணின் திருமணத்தை நாமே ஆசீர்வதித்தோம் என்பதையும் இங்கே மறைக்கலாகாது. அவளுடைய முழுச் சம்மதத்தையும் ஏட்டில் உள்ள கேள்வியால் மட்டுமே கேட்டோம்.

வெரோனாவின் இரு குடும்பங்களைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. ஒரே திருப்பலியில் ஒரே அப்பத்தை உண்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்துப் பிரித்த ஊர்கள் தமிழகத் திருச்சபையில் இருந்தன. அந்தச் சுவரைத் தாண்ட ஓர் இளைஞன் மலைக்குப் போய், போதையில் அதை மறந்திருக்க வேண்டியதாயிற்று. போதை சுவரை இடிக்காது. விடியும்வரை மறைக்கும், அவ்வளவே. விடிந்தபின் சுவரோடு தலைவலியும் இருக்கும். சிலருக்கு மீளாத மனநோயும் இருக்கும். இதைப் பிள்ளைகளிடம் ஒளிவின்றிச் சொல்லவே வேண்டும். ஆனால் சுவரைக் கட்டியவர்கள் இதை மட்டும் சொன்னால் அவர்கள் கேட்பார்களா?

கானாவூர்த் திருமணத்தை நினைத்துப் பார்ப்போம். இயேசுவின் தாய் அங்கிருந்தார். இயேசுவும் சீடர்களும் இருந்தனர். இரசம் தீர்ந்துபோனதை அன்னை அறிந்தது, அவர் அந்தப் பந்தியில் இருந்ததால்தான். தொலைவிலிருந்து அறிவுரை கூறுபவருக்கு யாருடைய சாடியில் எது தீர்ந்தது என்பது தெரிய வராது. இருப்பதிலும் வேறுபாடு உண்டு. யூரிப்பிடீசு எழுதிய 'பக்கே' என்னும் கிரேக்க நாடகத்தில், மலைமேல் வெறியாடும் கூட்டத்தைக் கண்டிக்கும் மன்னன் பெந்தேயு, ஒளிந்திருந்து அதைப் பார்க்கும் ஆசையால் மாறுவேடத்தில் மலையேறுகிறான். பெற்ற தாயின் கையாலேயே மாண்டு போகிறான். பிள்ளைகளின் கைப்பேசியை இரவில் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கும் பெற்றோரும், மலையில் ஆடும் இளைஞரைப் படம்பிடித்துப் பரப்புவோரும் அந்த மன்னனின் வழி நடப்பவர்களே. அவர்கள் பார்க்கிறார்கள், உடனிருப்பதில்லை. எருசலேமை விட்டு மனமுடைந்து எம்மாவுக்குப் போனவர்களோடு ஆண்டவர் நடந்தார். முதலில் அவர்களை என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். மறைநூலை விளக்கியது அதற்குப் பிறகுதான்.

எனவே பெற்றோருக்கும், நம்மைப் போன்ற அருள்பணியாளர்க்கும் கூறுவது இது: இத்தகைய படங்களைத் தடுப்பதால் மட்டும் பயன் விளையாது. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். பார்த்தபின், படம் விட்டுவிட்ட அந்தக் கடைசிக் காட்சியை நாடகத்திலிருந்து படித்துக் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் எப்படி ஓடினார் என்பதை அவர்களும் அறியட்டும். அவர்கள் ஒன்றை நம்பிச் சொன்னால், அவர்கள் சார்பில் வீட்டாரிடம் எழுந்து பேசத் துணியுங்கள். அடுத்த முறை நமது பங்கில் திருமண ஓலை வாசிக்கையில், மணமகளைத் தனியே அழைத்து, ஏட்டில் இல்லாத அந்தக் கேள்வியையும் கேட்பதென நாம் முடிவு செய்து, சில ஆண்டுகளாக அவ்வாறே செய்து வருகிறோம்.

அந்த இளைஞர் இன்று தொலைவிலுள்ள ஒரு நகரில் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸ் இரவில் ஊருக்கு வந்தால், நாம் இப்போதிருக்கும் பங்குக்கும் ஒருமுறை வந்து போவார். கோவிலின் கடைசி வரிசையில் நிற்பார். திருப்பலி முடிந்ததும் நாமே அவரிடம் நடந்து போகிறோம்.