இழந்த படங்களும் மிகுபொருள் விரும்பாமையும்

இல்லறத்தாருக்கு நம் முன்னோர் வகுத்த ஐந்து விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, பாத்திரம் முதலியவற்றிற்கு ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஓர் எல்லை வரைந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. இப்பட்டியலில் கணினியில் சேர்த்து வைக்கும் நிழற்படங்களுக்கு இடமில்லை. அவற்றிற்கு எடை இல்லை. அவை வீட்டில் இடத்தை அடைப்பதும் இல்லை. ஆகவே எத்தனை சேர்த்தாலும் குற்றமில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம். அண்மையில் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மீண்டும் ஆராயச் செய்தது.

நம் வீட்டுக் கணினியின் இயங்குதளம் பழையதாகிவிட்டமையால் அதனைப் புதுப்பிக்க முற்பட்டோம். பழைய கோப்புகளை வைத்துக்கொள்வதா, அனைத்தையும் நீக்கிவிடுவதா என்று கணினி இடையில் வினவியது. அவசரத்தில் பின்னதைத் தெரிவு செய்துவிட்டோம். பிழை நம்முடையதே, வேறு எவரையும் குறை கூறுவதற்கில்லை. கணினி புதுப்பொலிவுடன் எழுந்தபோது இருபது ஆண்டுப் படங்கள் அதில் இல்லை. மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழா, பிள்ளைகளின் திருமணங்கள், இன்று நம்மிடையே இல்லாத பெரியோர்களின் முகங்கள் ஆகிய யாவும் மறைந்தன. அன்று பொழுது சாய்வதற்கு முன் உண்ண வேண்டிய உணவு தொடப்படாமலே இருந்தது.

"போனது போகட்டும், பற்றை விடுவதற்கு இதுவும் ஒரு வாய்ப்பு" என்றார் உறவினர் ஒருவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பொருளை வைத்திருப்பதைவிட, பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்பது உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டும் நெறி. அவ்வாறாயின், இழந்த படங்களைத் தேடுவது பற்றா, அன்றிக் கடமையா? இவ்வினாவிற்கு விடை காணாமலே நம் பெயரனைத் தேடச் சொன்னோம்.

அவன் விளக்கியது நமக்கு வியப்பளித்தது. கணினியில் ஒன்றை நீக்கும்போது, பெரும்பாலும் நூலகத்தின் அட்டவணையில் உள்ள குறிப்பு மட்டுமே அழிகிறது. நூல் அலமாரியிலேயே இருக்கிறது. அவ்விடத்தில் வேறொரு நூலை வைக்கும்போதுதான் பழையது உண்மையில் அழியும். ஆகவே இழப்பு நேர்ந்தவுடன் செய்ய வேண்டிய முதற்செயல், அக்கணினியில் எதையும் புதிதாக எழுதாமல் நிறுத்திவிடுவதே. சுழலும் பழைய வன்தட்டுகளில் இவ்வாறு மீட்பது பலகாலும் இயலும். இக்காலத்துச் சுழலாத வட்டுகளோ, நீக்கிய இடங்களை விரைவிலேயே தாமே துடைத்துவிடும் இயல்புடையவை. நம்முடையது பழைய வகை, அதனால் தப்பினோம்.

பொருள் நிலைத்திருக்க, அதன் பரியாயங்கள் தோன்றியும் மறைந்தும் வரும் என்று நாம் சிறு வயதில் பாடமாகக் கற்றதுண்டு. அன்று மனனம் செய்ததன் பொருள், எழுபது வயதைக் கடந்தபின் ஒரு வன்தட்டின் முன் அமர்ந்தபோது சற்றே விளங்கியது.

ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பெயரன் இரண்டு நாள் உழைத்தான். ஒவ்வொரு வகைப் படக்கோப்பும் தொடங்குவதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அட்டவணையைப் பாராமல் அவ்வடையாளத்தைக் கொண்டே அது படங்களைக் கண்டெடுக்கிறது. "படங்கள் வந்துவிட்டன, பாட்டி. ஆனால் பெயர்கள் வரவில்லை" என்றான். உண்மைதான். நாம் இட்டிருந்த தலைப்புகள் போய், வெறும் எண்கள் நின்றன. புகைப்படக் கருவி படத்தினுள்ளேயே எழுதிவைத்த நாள் மட்டும் சிலவற்றில் எஞ்சியிருந்தது. அதிலும் ஒரு விந்தை. பழைய காகிதப் படங்களை வருடியில் இட்டு நாம் கணினியில் சேர்த்திருந்தோம். அவற்றுள் 1962-இல் நடந்த திருமணமும் வருடியில் இட்ட நாளையே தன் நாளாகக் கூறியது. ஒரு நயத்தால் அது மெய். மற்றொரு நயத்தால் பொய். எது எந்த நயத்தால் மெய் என்று அறிந்து சொல்ல, வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

நம் தமக்கையார் கோயில் வாயிலில் நின்ற படம் பாதியே மீண்டது. மேலே கோபுரம் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறமாக உள்ளது. அவருடைய வேறு படம் நம்மிடம் இல்லை. நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தோம். "இது யார் பாட்டி?" என்று பெயரன் கேட்டபோதுதான், அவரைப் பற்றி அவனிடம் ஒரு சொல்லும் நாம் கூறியதில்லை என்பது புலப்பட்டது. நீரைத் துணியில் வடிகட்டிப் பருகவும், அத்துணியைக் கவனமாக அலசவும் நமக்குக் கற்பித்தவர் அவர். முகம் இருந்த காலத்தில் சொல்லாததை, முகம் போனபின் சொன்னோம்.

கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகள் அவரிடம் இருந்தன; எனினும் நூலில் வரும் சமயக் கருத்துகளை அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டே தெளிந்தார். ஏட்டைக் காத்ததோடு நில்லாமல், அதன் பொருளை வழிவழியாகச் சொல்லியும் வந்தமையால் அக்குடும்பத்தார் அவருக்கு உதவ முடிந்தது.

இப்போது நம் வினாவிற்கு ஒருவாறு விடை கிடைக்கிறது. காணாமலும், எவருக்கும் கூறாமலும், "எனது" என்று குவித்து வைத்த படம், எடையற்றதாயினும் பரிக்கிரகமே. இன்னார், இவ்வூர், இந்நாள் என்று சொல்லிப் பிறருக்கும் ஒரு படி கொடுக்கத்தக்க படம், நாம் காத்துக் கையளிக்க வேண்டிய அடைக்கலப் பொருள். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானம் ஒன்று. முன்னோர் ஏடுகளைப் படியெடுத்து வழங்கினர். அதனால் ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் பிழைத்தது. இன்றைய கணினி வல்லுநரும் அதனையே கூறுகின்றனர்: மூன்று படிகள், இருவகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில்.

மீண்ட படங்களுள் பெரும்பகுதி ஒரே காட்சியைப் பலமுறை எடுத்தவை. அவற்றை நாமே நீக்கினோம். இம்முறை அவசரமின்றி, மனமறிந்து நீக்கினோம். எஞ்சியவற்றிற்குப் பெயர் எழுதி, உறவினர் மூவர் இல்லங்களுக்குப் படிகள் அனுப்பியுள்ளோம். பாதி மீண்ட அந்தப் படத்தையும் நீக்கவில்லை. அதனடியில் தமக்கையார் பெயரையும், அவர் கற்பித்ததையும் எழுதியுள்ளோம்.

அன்பர்களே, விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அவர்களை அருகமர்த்தி, உங்கள் இல்லத்துப் படங்களுக்குப் பெயர் சொல்லுங்கள். சொல்லக்கூடியவர் இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம்.

வளர்க ஜினதருமம்.