இது பட்டணம் போகுமா?

நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய துணிச் சுருளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கறுப்புத் துணி. அதில் வெள்ளை எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, லண்டன் மாநகரத்துப் பேட்டைகளின் பெயர்கள். ஒரு மாடி பஸ்ஸின் நெற்றியில் இருந்ததாம். மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை. இரண்டிலுமாகத் துணி சுற்றியிருக்கும். முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். கைப்பிடியைச் சுற்றினால் ஓர் ஊர் மறைந்து அடுத்த ஊர் வந்து நிற்கும். பம்பாய் பஸ்களிலும் நெடுங்காலம் இந்த ஏற்பாடு இருந்தது. பழைய பஸ்கள் ஓய்ந்துபோன பிறகு, இந்தச் சுருள்களை ஆசையோடு விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள்.

"பார்த்தீர்களா, எத்தனை ஊர்! வண்டியில் இருந்தபோது ஒரு சமயத்தில் ஒன்றுதான் தெரியும். இப்போது எல்லாம் தெரிகிறது" என்றார் நண்பர், பெருமையாக.

"ஆனால் இப்போது எந்த ஊருக்கும் போகாது" என்றேன்.

இருவரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு கூடவே வந்தது. காரணம், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் கருங்குழியில் நடந்த ஒரு சிறிய சம்பவம். சிறியது என்று நான் சொல்கிறேன். அனுபவித்தவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

கருங்குழி, செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். அங்கே இருந்த கோட்டையை 1759-ல் ஆங்கிலத் தளபதி கூட் கைப்பற்றினார். சரித்திரம் அந்த ஊரைக் கடந்து எப்போதோ போய்விட்டது. இப்போது அங்கே ஜனங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு பிற்பகல் நானும் அப்படிக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி. இடுப்பில் ஒரு துணி மூட்டை, கையில் ஒரு பிளாஸ்க். மகளை ராயபுரத்தில் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்களாம். வலி கண்டுவிட்டது என்று காலையில் போன் வந்ததாம்.

பஸ் வந்தது.

"தம்பி, இது பட்டணம் போவுமா? பலகையில இன்னா போட்டிருக்குது, பாரு."

பார்த்தேன். 'சென்னை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"சென்னைன்னுதான் போட்டிருக்கு. ஏறுங்க ஆயா."

கிளாம்பாக்கத்தில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கிழவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "பாரிஸ் வந்துடுச்சா?" என்று கேட்டாள். அவளுக்குப் பட்டணம் என்றால் பாரிமுனை. அவள் கணவன் இருந்த காலத்தில் வந்து இறங்கிய இடம் அது.

"இதான் ஆயா கடைசி. இங்கேருந்து டவுன் பஸ் புடிச்சுப் போ" என்றார் கண்டக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. நாள் முழுவதும் அதையே சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

கிழவி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீதானேப்பா படிச்சுச் சொன்ன?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவளை அழைத்துப்போய் பாரிமுனைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆகவே அவளுக்குக் காசு நஷ்டம் இல்லை. ஆனால் மாலை நேர நெரிசலில் இன்னும் ஒன்றரை மணி நேரம். பிரசவ வலிக்கு பஸ் மாறத் தெரியுமா? அந்தப் பெண் தன் தாய் வருகிற வரைக்கும் காத்திருந்தாளா, என்ன குழந்தை பிறந்தது, எதுவும் எனக்குத் தெரியாது.

அன்று பொய் சொன்னது யார்?

பலகையைக் கேட்டால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. தெற்கே இருந்து வரும் பஸ்கள் ஒரு காலத்தில் பாரிமுனை வரைக்கும் போயின. 2002-ல் கோயம்பேட்டில் பெரிய நிலையம் திறந்தார்கள். அப்போதும் பலகை 'சென்னை' என்றே சொன்னது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. பெரும்பாலான பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நிற்கிற இடம் இரண்டு தடவை நகர்ந்தது, பெயர் அசையவில்லை. வேடிக்கை என்னவென்றால், கிளாம்பாக்கம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். 'சென்னை' என்ற பலகையை நம்பி ஏறிய கிழவி, பஸ்ஸை விட்டு இறங்கியபோது தன் சொந்த மாவட்டத்தை விட்டே வெளியேறியிருக்கவில்லை!

கண்டக்டரைக் கேட்டால், பலகை எழுதுவது தன் வேலை இல்லை என்பார். அதுவும் நியாயந்தான்.

என்னைக் கேட்டால்? எழுதியிருந்ததைத்தான் படித்தேன், ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் என்னைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம். கிளாம்பாக்கம் திறந்த செய்தி பத்திரிகை படிக்கிற எனக்குத் தெரியும். நான் இறங்க வேண்டிய இடமே அதுதான். படிக்கத் தெரியாத அவளுக்கு அது தெரியாது. அவள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள்: இது பட்டணம் போகுமா, பலகையில் என்ன போட்டிருக்கிறது. நான் சுலபமான கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அவசியமான கேள்வியை விட்டுவிட்டேன்.

வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்லும்போது, இருப்பதை இருப்பபடி ஒப்பிப்பது வாய்மை என்று சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்கிறார். இதைப் பொய்க்கு அனுமதிச் சீட்டு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணினேன். கிளாம்பாக்கத்தில்தான் அதன் மறுபக்கம் எனக்குப் புரிந்தது. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும், கேட்டவளுக்குத் தீங்காக முடிந்தால் அது வாய்மை ஆகாது. நம் அரசு பஸ்களின் உள்ளே திருக்குறள் எழுதிவைப்பது நெடுநாள் வழக்கம். உள்ளே ஏறியவனுக்கு அது நல்ல துணை. ஆனால் குறளின் முதல் சோதனை வெளியே நெற்றிப் பலகையில் நடக்கிறது. இன்னும் ஏறாதவனிடம் நடக்கிறது.

'பஸ்' என்ற சொல்லின் கதையே இதைத்தான் சொல்கிறது. லண்டனில் 1829-ல் ஷில்லிபியர் என்பவர் ஓட்டிய குதிரை வண்டிக்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். அந்தச் சொல்லின் வாலைத்தான் நாம் பஸ் என்கிறோம். (நாம் ஆம்னி பஸ் என்று சொல்வது எல்லோருக்கும் கட்டுபடியாகாத வண்டியை என்பது வேறு கதை.) எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டால், படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும், உள்ளூர்க்காரனுக்கும் அந்நியனுக்கும் என்றுதானே பொருள்? தனி வண்டிக்குப் பெயர்ப் பலகை வேண்டாம். அதன் சொந்தக்காரனுக்குப் போகும் இடம் தெரியும். பலகை என்பதே முன்பின் அறியாத ஒருவனுக்கு, அவனிடம் காசு வாங்கு முன்பே கொடுக்கிற வாக்கு.

அந்த வாக்கு அவன் படிக்கிற எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம். லண்டனில் ஓடிக் களைத்த மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்து ஓடின. அந்த நாட்டில் 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் வண்டிகளின் எண் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. 1958-ல் பஸ்கள் அரசுடைமை ஆகி, அந்த எழுத்தோடு யாழ்ப்பாணப் பக்கம் வந்தபோது தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள். கொழும்பில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள்மேல் தார் ஏறியது. அந்த ஆண்டு மே மாதம் பெருங்கலவரத்தில் உயிர்கள் போயின. கலவரத்துக்கு ஓர் எழுத்து மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அதன் வேர் ஆழமானது. ஆனால், எல்லோருக்கும் என்று பெயர் வைத்த வண்டி, நிற்கிறவனைப் பார்த்து 'உனக்கில்லை' என்று சொல்வதற்கு ஓர் எழுத்தே போதும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

சரி, எழுத்தும் நமது எழுத்து, பெயரும் சரியான பெயர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது வாக்கு முழுமை ஆகிறதா? புதுச்சேரியில் போய் நின்று பாருங்கள். சென்னைக்குப் போகும் பஸ்கள் இரண்டு வழியில் போகின்றன. ஒன்று திண்டிவனம், மதுராந்தகம் வழி. மற்றொன்று மாமல்லபுரம் வழியாகக் கடற்கரைச் சாலை. இரண்டின் நெற்றியிலும் சென்னைதான். கருங்குழிக்காரன் இரண்டாவதில் ஏறிவிட்டால், கடலும் சவுக்குத் தோப்பும் பார்த்துக்கொண்டே போகலாம். கருங்குழியைப் பார்க்க முடியாது. கருங்குழி என்ற பெயரே ஓர் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி, தெற்கே வடலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரில் விளக்கு எரிந்த ஊரைத் தேடிக்கொண்டு மதுராந்தகத்துக்கு டிக்கெட் வாங்குகிறவனுக்கு இங்கே ஏரிதான் கிடைக்கும், விளக்கு கிடைக்காது. அதனால்தான் நம் பலகை எழுதிய முன்னோர்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'வழி' என்று போட்டு இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்தார்கள். போய்ச் சேரும் இடத்தைச் சொல்வது பாதி வாக்கு. எந்த வழியாக, எதுவரை என்பது மற்றப் பாதி.

மனிதர்களிடத்திலும் நான் இதைத்தான் பார்க்கிறேன். 'கல்வி', 'முன்னேற்றம்', 'சமத்துவம்' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிற எத்தனையோ வண்டிகளில் ஜனங்கள் நம்பி ஏறுகிறார்கள். எழுதியது பொய் என்று சொல்வதற்கில்லை. அந்தத் திசையில்தான் வண்டி போகிறது. ஆனால் முப்பது கிலோமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. இறங்கச் சொல்கிறவர் இதுதான் கடைசி என்கிறார். படித்துச் சொன்ன நாம், நம்முடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறோம். இந்த நாட்டில் பலகையைத் தானே படித்து ஏறுகிறவர்களோடு, பிறர் படித்துச் சொல்லக் கேட்டு ஏறுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே வாக்குக் கொடுத்தவன் பொறுப்பில் ஒரு பங்கு, வாக்கைப் படித்துச் சொன்னவனுக்கும் வந்துவிடுகிறது. எழுதுகிறவனான எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

நண்பர் வீட்டுச் சுருளில் எண்பது ஊர் இருக்கலாம். அந்தச் சுருள் வண்டியில் இருந்தபோது அதன் மதிப்பு எண்பதில் இல்லை. மழையில் நிற்கிற ஒருவனுக்காக எழுபத்தொன்பதை மறைத்துவிட்டு ஒன்றைக் காட்டிற்றே, அதில் இருந்தது. எல்லா இடத்துக்கும் அழைத்துப்போவேன் என்கிறவனை நம்புவதைவிட, இன்ன இடம் வரைக்கும் என்று சொல்லி அங்கே கொண்டுபோய் இறக்குகிறவனை நம்புவது மேல்.

அண்மையில் மறுபடியும் கருங்குழியில் நின்றேன். ஒரு பஸ் வந்தது. அதன் பலகை என்ன சொன்னது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. படிக்கட்டில் நின்ற இளம் கண்டக்டர், தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார்: "கிளாம்பாக்கம் வரைக்கும்தான்! கிளாம்பாக்கம் வரைக்கும்தான்!"

அந்த 'வரைக்கும்தான்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு பேர் ஏறியிருப்பார்கள்.

கூடை வைத்திருந்த ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இது பட்டணம் போவுமா?"

"கிளாம்பாக்கம் வரைக்கும்தான்மா. அங்கே இறங்கி வேறே பஸ் மாறணும். நீங்க எங்கே போகணும்?" என்றேன்.