ஒரு திர்ஹம் உணவுக்கு, ஒரு திர்ஹம் கோடரிக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அன்சாரிகளில் ஒருவர் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சமுகத்துக்கு வந்து யாசகம் கேட்டார். உம்முடைய வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நாயகம் அவர்கள் வினவினார்கள். ஒரு முரட்டுத் துணி இருக்கிறது, பாதியைப் போர்த்திக்கொண்டு பாதியை விரித்துக்கொள்கிறோம், தண்ணீர் குடிக்க ஒரு கிண்ணமும் உண்டு என்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, தம் திருக்கரத்தில் ஏந்தி, இவற்றை வாங்குவோர் யார் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருவோர் உண்டா என்று இரண்டு மூன்று தடவை கேட்டபின் இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை அன்சாரியிடமே கொடுத்து, ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி வாங்கி வரும்படி கட்டளையிட்டார்கள். கோடரி வந்ததும் அதற்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்பீராக, பதினைந்து நாளைக்கு உம்மை இங்கே காணக்கூடாது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த இந்த ஹதீது அபூதாவூதில் இருக்கிறது. யாசகத்தின் இழிவைச் சொல்ல மிம்பரில் பலமுறை எடுத்துக் காட்டப்படுவதுதான். ஆனால் தராசு பிடித்த நம் காதுக்கு இதில் வேறு சில செய்திகளும் கேட்கவேண்டும். முதலில் கேட்ட விலைக்கே நாயகம் அவர்கள் பொருளைத் தள்ளிவிடவில்லை. ஏழையின் பழந்துணிதானே என்று மதிப்பைக் குறைக்காமல், மேற்கொண்டு கேட்டு விலையை இரட்டிப்பாக்கினார்கள். வந்த பணம் முழுவதையும் கோடரியில் போட்டுவிடவுமில்லை. வீட்டில் பெண்டு பிள்ளைகள் பசித்திருக்க, எவனாலும் காட்டில் விறகு வெட்ட முடியாது. பணத்தைக் கொடுத்ததோடு விடாமல் பிடியும் போட்டுக் கொடுத்தார்கள். அதன்பின் தவணையும் வைத்தார்கள். தவணை வைப்பது நமக்குப் பழக்கமில்லாத வித்தையா, என்ன?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ரமலான் வந்தால் நம் சங்கத்தின் பேரால் அரிசி, சீனி, எண்ணெய், பேரீச்சம்பழம் கட்டிப் பொட்டலமாகக் கொடுக்கிறோம். கொடுப்பது நல்லதே, குறை சொல்ல வரவில்லை. ஆயினும் அதெல்லாம் முதல் திர்ஹம். இரண்டாவது திர்ஹம் எங்கே? சென்ற வருஷம் பொட்டலம் வாங்கிய அதே வீட்டு வாசலில் இந்த வருஷமும் நிற்கிறோம் என்றால், அந்த வீட்டுக்குள் இன்னும் கோடரி போகவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த வீடுகள் எவை என்பதையும் பார்க்கவேண்டும். 1877ஆம் வருஷம் கோலக்கங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கியது இந்நாட்டின் பால்மரச் செல்வம். அந்த மரங்களை வெட்ட நம் தமிழ்நாட்டு ஜனங்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே அரிசி, புளி, மிளகாய், துணிமணி விற்க நம் பாட்டன்மாரும் வந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போனவன் வாங்கிய சம்பளம் சம்பள நாளன்று நம் கல்லாவுக்கு வந்தது. நடுமாதத்தில் கையில் காசில்லாதபோது 555 புத்தகத்தில் பற்று எழுதிக் கொடுத்தோம். சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் எத்தனையோ கடைகள் அந்தச் சின்னப் புத்தகத்தின் மேல் நின்றன. நாம் கொடுத்தோம், அவர்கள் திருப்பிக் கட்டினார்கள், இலாபம் நமக்கு மிஞ்சியது. நியாயமான வியாபாரம்தான். ஆனால் அந்த இலாபத்தில் நம் பிள்ளைகள் டாக்டராகவும் கணக்காளராகவும் ஆனார்கள் என்பதை மறக்கலாகாது.

அவர்களுக்கு என்ன ஆயிற்று? 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் வேலை அனுமதி கிடைக்காமல் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், கோயில் போகும், அண்டை அயல் போகும். ஈப்போவுக்கு வந்தால் இங்கும் 1985இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடிக்கிடந்தன. பால்மரம் வெட்ட மட்டுமே தெரிந்த தகப்பன் மலிவு விலை அடுக்குமாடியில் எந்தக் கோடரியை வைத்துப் பிழைப்பான்? அவன் வீட்டில் மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்ட பையன் யாரோடு சேருவான் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, பத்திரிகை எழுதுகிறது.

“அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தார் அல்லவே, நம் பணம் அவர்களுக்கு ஆகுமா?” என்று கேட்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஜகாத்துக்குத் தவ்பா அத்தியாயத்தில் எட்டு வகையாரை அல்லாஹ்வே வரையறுத்திருக்கிறான். பேராக்கில் அதை வசூலித்துப் பங்கிடும் பொறுப்பு மாநில சமய மன்றத்துடையது. அதில் நாம் கை வைக்கவில்லை. சதகாவின் வாசல் அகலமானது. நம்மோடு மார்க்கத்துக்காகச் சண்டையிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது மும்தஹினா அத்தியாயத்தில் தெளிவாக வந்திருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அயலாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் அயலார் யார்? மூன்று தலைமுறை நம் கடையில் பற்று வைத்தவர்களை விடவா நெருங்கிய அயலார் வேண்டும்? தவிர, நம்மவரிலேயே எத்தீம்களும் கைம்பெண்களும் அதே அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கவனிப்போம், மற்றவரையும் விடாதிருப்போம்.

இரண்டாவது திர்ஹத்தை மற்றவர்கள் எப்படிச் செலவழித்தார்கள் என்று பார்த்தால் நமக்கு வெட்கமும் உற்சாகமும் சேர்ந்தே வருகிறது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மந்திரியாக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரம் வெட்டுவோரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, துண்டு போட இருந்த தோட்டங்களைத் தொழிலாளர் பேரிலேயே வாங்கினார். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்தது. தஞ்சோங் மாலிமைத் தாண்டியதும் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறநிறுவனம் படிப்பை விட்ட பிள்ளைகளைத் தங்கவைத்து வயரிங், சமையல், ரொட்டி சுடுதல் போன்ற கைத்தொழில்களைக் கற்பிக்கிறது. வழி தவறக்கூடும் என்று ஊரார் ஒதுக்கிய பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். கைம்பெண்களுக்கோ, 1987 முதல் நடக்கும் அமானா இக்தியார் வட்டி இல்லாமல், நிர்வாகச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு சிறு தொழிலுக்குக் கடன் தருகிறது. ஏன், நம் ஈப்போ புந்தோங்கையே பாருங்கள். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலை வறுத்தும் முறுக்குச் சுட்டும் விற்று, ஒரு கம்பத்துக்கே கச்சாங் பூத்தே என்று பேர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு சட்டியும் அடுப்பும்தான் அவர்கள் கோடரி.

நம்மிடம் பள்ளிக்கூடம் கட்டும் பணம் இல்லாதிருக்கலாம். பிடி போடும் கை இருக்கிறது. சரக்கு வாங்குவது, கெட்டுப்போகாமல் அடுக்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, இராத்திரி கல்லாவை எண்ணி ஒரு காசு பிசகாமல் எழுதுவது, இவையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன? இன்று சாப்பாட்டுக் கடைக்காரர் கூடினால் ஆள் இல்லை என்ற பேச்சுத்தான். இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க அனுமதி வரவில்லை என்று புலம்புகிறோம். கடைக்கு எதிர்த்த அடுக்குமாடியில் பதினேழு வயதுப் பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். “உள்ளூர்ப் பையன் நிற்கமாட்டான்” என்கிறோம். எத்தனை நாள் நிற்கவைத்துப் பார்த்தோம்? முதல் நாள் தாமதமாக வந்தான் என்று மூன்றாம் நாள் அனுப்பிவிட்டால், பிடி போடாத கோடரியைக் கொடுத்துவிட்டு விறகு வரவில்லை என்று கோபிப்பதற்கு ஒப்பாகும். நாயகம் அவர்கள் வைத்த தவணையாவது நாமும் வைக்கலாம்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும். தர்மம் என்ற பேரில் மலிவாக ஆள் பிடிக்க நினைப்போர் இதில் சேராதிருப்பது நலம். பதினைந்து வயது நிறையாத பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம், கடை அல்ல. சட்டமும் அப்படியே சொல்கிறது. அதற்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டப்படியான சம்பளம், சேமநிதி, சொக்சோ எல்லாம் கட்டியாகவேண்டும். வேர்வை உலருமுன் கூலி என்பது நாம் சுவரில் எழுதி மாட்டுவதற்கு மட்டும் வந்த ஹதீது அன்று. அடையாள அட்டையோ பிறப்புப் பத்திரமோ இல்லாத பிள்ளை வந்தால் விரட்டவேண்டாம். பதிவு இலாகாவுக்குப் பக்கத்தில் போக ஆள் இல்லாமல்தான் அவர்களில் பலர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருநாள் கடையை மூடிவிட்டுக் கூடப் போவதும் சதகாதான்.

பணத்துக்குக் கணக்கு வேண்டும். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நம் முன்னோர் விட்டுப்போன வக்புச் சொத்துகள் சரியான நிர்வாகமின்றிச் சீர்குலைந்ததனால், ஆங்கில அரசாங்கம் 1905இல் சட்டம் போட்டு, அவற்றைக் கவனிக்கத் தனி வாரியம் அமைக்க நேர்ந்தது. திருமறையின் மிக நீண்ட ஆயத்தே கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். ஆகவே இதற்கென்று தனிப் புத்தகம்: எந்தப் பிள்ளை, எந்தக் கடை, எந்தத் தொழில், பதினைந்து நாளில் என்ன கற்றான், மூன்று மாதத்தில் என்ன கற்றான், நின்றுவிட்டால் ஏன் நின்றான். பிள்ளைகளின் பேர் வெளியில் போகாது. செலவுக் கணக்கு மட்டும் மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் வரும்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஜும்ஆவுக்குப் பின் சங்கக் காரியாலயத்தில் அந்தப் புத்தகம் திறந்திருக்கும். பணம் தரக்கூடியவர்கள் பணத்தையும், கடையில் ஒரு பிள்ளைக்கு இடம் தரக்கூடியவர்கள் கடையின் பேரையும் எழுதலாம். முதல் வரியில் நம் கடையின் பேரை எழுதிவைத்திருக்கிறோம்.